எந்த வீதி நிற்கணும்?

"ஸ்டாப் போர்டு வேண்டும்" என்று திருப்பூரில் யாரும் மனு எழுதி நான் பார்த்ததில்லை. கேட்பது வேகத்தடை. அது கிடைக்காது என்று தோன்றினால் சிக்னல். அதற்கும் வழியில்லை என்றால், "குறைந்தபட்சம் எச்சரிக்கைப் பலகையாவது" என்று கடைசி வரியில் கொஞ்சம் இறங்கி வருவார்கள். அந்தக் கடைசி வரியை நம்பித்தான் என் தொழில் ஓடுகிறது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மக்கள் குறைதீர்க்கும் நாள். அங்கே கொடுத்த மனு மாநகராட்சிக்குப் போகும், அங்கிருந்து போக்குவரத்துப் போலீசுக்குப் போகும், திரும்ப மாநகராட்சிக்கே வரும். எப்போதாவது ஒரு பொறியாளர், "இதைச் சும்மா தள்ளிவிட முடியாது, அளந்து பார்த்துவிடலாம்" என்று நினைத்தால் எங்களைப் போன்ற சர்வே ஆட்களைக் கூப்பிடுவார். சந்திப்பில் எத்தனை வண்டி வருகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது, என்ன வேகம் என்று எடுத்துக் கொடுத்து, கடைசிப் பக்கத்தில் ஒரு பரிந்துரை எழுதுவோம். கூலி முன்பக்கங்களுக்கு. வருகிற திட்டு முழுக்க அந்தக் கடைசிப் பக்கத்துக்கு.

போர்டு வைப்பது சின்ன வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். ஒரு இரும்புக் குழாய், ஒரு தகடு, கொஞ்சம் கான்கிரீட். ஆனால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 116ஆவது பிரிவுப்படி ஊர் வீதியில் போக்குவரத்துப் பலகை நடும் அதிகாரம் மாநில அரசுக்கும், அரசு அதிகாரம் கொடுத்தவர்களுக்கும்தான். கவுன்சிலர் தன் செலவில் நட முடியாது, கம்பெனிக்காரர் தன் கேட்டுக்கு எதிரே நட முடியாது. நட்டுவிட்டாலோ அதற்குப் பல் உண்டு. 2019 திருத்தத்துக்குப் பிறகு, நில் பலகையை மீறுவது சிவப்பு விளக்கைத் தாண்டுவதோடு சேர்ந்து 184ஆவது பிரிவில், ஆபத்தாக வண்டி ஓட்டும் குற்றத்தில் வந்துவிட்டது. முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், சிறைத் தண்டனையும் போடலாம். தேவையில்லாத இடத்தில் ஒரு ஸ்டாப் போர்டை நட்டால், அந்த வீதியில் பால் வாங்கப் போகிறவர் தினமும் குற்றவாளி ஆகிறார். பிடிக்க யாரும் வரப்போவதில்லை என்பது வேறு விஷயம். அதுதான் இன்னும் மோசம். ஒரு போர்டை மதிக்காமல் போகப் பழகியவன் அடுத்த போர்டையும் மதிக்க மாட்டான்.

இந்த ஊரின் அமைப்பைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நொய்யலும் ரயில் பாதையும் ஊரை வடக்கு, தெற்கு என்று பிரித்துவிட்டன. அவிநாசி, பெருமாநல்லூர், ஊத்துக்குளி, காங்கயம், தாராபுரம், பல்லடம், மங்கலம் என்று பெரிய ரோடுகள் எல்லாத் திசைக்கும் விரிந்து ஓடுகின்றன. இரண்டு பெரிய ரோட்டுக்கு நடுவே உள்ள இடமெல்லாம் ஒரு காலத்தில் காடு. கொங்கில் காடு என்றால் மானாவாரி நிலம். ஒவ்வொரு காடும் ஒவ்வொரு காலத்தில் சைட் பிரிக்கப்பட்டு ஆளுக்கொரு நகர் ஆனது. இந்த நகரின் வீதி அந்த நகரின் வீதியோடு நேருக்கு நேர் சேராது. பத்தடி இருபதடி தள்ளிச் சேரும். வரைபடத்தில் நாலு ரோடு மாதிரி தெரிவது, போய் நின்றால் ஒட்டிப் பிறந்த இரண்டு முச்சந்தியாக இருக்கும். 2011இல் வேலம்பாளையம், நல்லூர் நகராட்சிகளும் சுற்றியிருந்த ஊராட்சிகளும் மாநகராட்சியோடு சேர்ந்தபோது இந்த வீதிகள் எல்லாம் ஒரே கணக்குப் புத்தகத்துக்குள் வந்தன. வீதிகள் அப்படியேதான் இருக்கின்றன.

அந்த வீதிகளில் வீடு வேறு, கம்பெனி வேறு என்று பிரித்துப் பார்க்க முடியாது. கீழே பத்துப் பவர் டேபிள் தையல் மெஷின் ஓடும், மாடியில் ஓனர் குடும்பம் இருக்கும். எதிர் வீட்டில் செக்கிங், அடுத்த சந்தில் எம்ப்ராய்டரி, முக்கில் காஜா பட்டன். ஒரு டி-சர்ட் தைத்து முடிவதற்குள் நாலைந்து வீதி மாறிவிடும். மாற்றிக் கொண்டு போவது டிவிஎஸ் எக்ஸ்எல்லும் குட்டியானையும். வெளியூரில் படித்துவிட்டு வருகிற பொறியாளர்கள் "குடியிருப்புப் பகுதிச் சந்திப்பு" என்று தலைப்புப் போட்டு வேலையைத் தொடங்குவார்கள். அந்தத் தலைப்பிலிருந்தே கணக்கு வழுக்க ஆரம்பிக்கும்.

பெருமாநல்லூர் ரோட்டுக்கும் அங்கேரிபாளையம் ரோட்டுக்கும் இடையே இருக்கும் ஒரு நாலு ரோட்டைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பேர் வேண்டாம்; அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். இரண்டு வீதியும் ஏறக்குறைய ஒரே அகலம். ஒன்று கோயில் வீதி. இன்னொன்றில் மூன்று பெரிய கம்பெனிகள், வரிசையாகச் சின்ன யூனிட்டுகள். முக்கில் ஒரு பேக்கரி.

சிக்னல் கேட்டுத்தான் மனு வந்தது. சிக்னலுக்கு அளவுகோல் உண்டு. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு (கட்சி இல்லை; 1934இல் தொடங்கியது) 1985இல் கொடுத்த வழிகாட்டி அது. இரண்டும் ஒற்றைத் தடச் சாலை என்றால் பெரிய சாலையில் இரு பக்கமும் சேர்த்து மணிக்கு 650 வண்டி, சின்ன சாலையில் 200 வண்டி, அதுவும் எட்டு மணி நேரச் சராசரியாக வேண்டும். எங்கள் நாலு ரோடு அந்தச் சராசரியை எட்டவில்லை. அத்தோடு சிக்னல் கதை முடிந்தது. ஆனால் அந்த எட்டு மணி நேரச் சராசரி என்ற சொல்லில்தான் திருப்பூர் காணாமல் போகிறது.

காலை ஏழேமுக்காலிலிருந்து எட்டரை வரை அந்த முக்கில் நின்று பாருங்கள். எட்டரைக்கு ஷிப்ட். கம்பெனி வேன், ஸ்கூல் வேன், மூன்று பேர் உட்கார்ந்த பைக், டிபன் கேரியரைத் தொங்கவிட்ட சைக்கிள், நாலைந்து பேராகக் கைகோத்துப் பேசிக்கொண்டே நடந்து போகும் பெண்கள். எட்டே முக்காலுக்கு வீதி காலி. பத்து மணிக்கு நாய் படுத்துத் தூங்கும். சாப்பாட்டு நேரத்தில் ஒரு வீக்கம், ஷிப்ட் விடும்போது ஒன்று, ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாளில் இரவு எட்டு மணிக்கு மேல் இன்னொன்று. கடைசியாகச் சொன்னதுதான் கெட்டது. இருட்டு, களைப்பு, வீட்டுக்குப் போகிற அவசரம். நாள் முழுவதையும் கூட்டி எட்டால் வகுத்தால் இது எதுவும் தெரியாது. கால் மணி நேரத்துக்கு ஒரு கட்டம் போட்டு எண்ணினால்தான் தெரியும். எண்ணுவதற்குப் பாலிடெக்னிக் பையன்களைக் கூட்டி வருவேன். அவர்களுக்கு முதல் பாடம், தீபாவளி போனஸ் வாரத்தில் எண்ணக் கூடாது, அடுத்த வாரமும் கூடாது. முதல் வாரம் ஊரே ரோட்டில் நிற்கும். அடுத்த வாரம் பாதி ஊர் மதுரைக்கும் தேனிக்கும் ஒடிசாவுக்கும் போயிருக்கும். சனிக்கிழமை சம்பள நாள், அதற்குத் தனிக் கட்டம்.

எண்ணியதை எடை போடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நெரிசல் கணக்கில் கார்தான் ஒன்று. 1990ஆம் ஆண்டின் நகரச் சாலை வழிகாட்டியில் பேருந்தும் லாரியும் 2.2லிருந்து 3.7 வரை, பைக், அதன் பங்கு கூடுதலாக உள்ள இடத்தில், 0.75. ரோட்டில் எவ்வளவு இடம் அடைக்கிறது என்ற கேள்விக்கு இது சரியான கணக்கு. யார் அடிபடுவார் என்ற கேள்விக்கு இது கணக்கே இல்லை. 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், நாட்டிலேயே அதிகம். செத்தவர்கள் 17,884 பேர். அந்த ஆண்டு நாடு முழுக்க ரோட்டில் செத்தவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். ஆகவே நில் பலகைக்கான சர்வேயில் நான் வண்டிக் கணக்கைத் தனியாகவும் தலைக் கணக்கைத் தனியாகவும் எழுதுவேன். நடப்பவர்கள் தலைக் கணக்கில் வருவார்கள். இப்படி எழுதச் சொல்லி எந்தக் கையேடும் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அடுத்தது விபத்து விவரம். அமெரிக்கப் போக்குவரத்துப் பலகைக் கையேட்டில் நாலு பக்கமும் நில் பலகை வைக்க ஒரு வாசல் இருந்தது. பலகை இருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய விபத்துகள் பன்னிரண்டு மாதத்தில் ஐந்து நடந்திருக்க வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. நம் ஊரில் ஐந்து விபத்தை எங்கே போய் எண்ணுவது? போலீஸ் கணினியில் ஏறுவது எஃப்.ஐ.ஆர். போட்டவை. முட்டி தேய்ந்தது, கண்ணாடி உடைந்தது, துணி மூட்டை சாக்கடையில் விழுந்து பீஸ் நாசமானது எல்லாம் ஏறாது. "பேசி முடிச்சுக்கிட்டோமுங்க" என்பதோடு சரி. வடக்கே இருந்து வந்த பையன் என்றால் பேசக்கூட மாட்டான். வண்டியை நிமிர்த்திக்கொண்டு போய்விடுவான்.

அதனால் நான் போகும் இடம் பேக்கரி. கொங்கு நாட்டுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கே பேக்கரி என்றால் கேக் வாங்கும் கடை மட்டும் இல்லை. டீ, பஃப்ஸ், தேங்காய் பன், ஊர் வம்பு எல்லாம் அங்கேதான். முக்குக்கு முக்கு ஒன்று, விடிவதற்கு முன்னால் திறந்து நடுராத்திரி சாத்துவார்கள். டீ மாஸ்டர் ரோட்டைப் பார்த்து நின்றுதான் டீ ஆற்றுகிறார். அவருக்குத் தெரியாமல் அந்த முக்கில் ஒன்றும் நடக்காது.

"எப்பங்கண்ணா விழுகறாங்க?"

"காலைல விழுகறதில்லீங்க. அப்ப கூட்டமுங்க, எல்லாரும் உருட்டிக்கிட்டுத்தான் போவாங்க. பொழுது உழுந்து, கூட்டம் கலைஞ்சப்புறம் ஒத்தையா வர்றான் பாருங்க, அவந்தானுங்க."

"எந்தப் பக்கமிருந்து?"

"கோயில் பக்கமிருந்து வர்றவனுக்கு இந்தப் பக்கம் ஒண்ணும் தெரியறதில்லீங்க. மூஞ்சிய ரோட்டுல நீட்டினாத்தான் வேன் வர்றதே தெரியும்."

மருந்துக் கடைக்காரரிடம் கேட்டால் பஞ்சும் டிங்ச்சரும் எந்த நேரத்தில் அதிகம் போகிறது என்று சொல்வார். டூவீலர் மெக்கானிக் வளைந்த ஹேண்டில்பாரை வைத்துச் சொல்வார். மூன்று பேரும் ஒன்றே சொன்னால் அதை நான் அறிக்கையில் எழுதுவேன், "உள்ளூர் விசாரணை" என்று தலைப்புப் போட்டு. அதிகாரிகள் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு வண்டி எண்ணிக்கை அட்டவணையைவிட அந்தப் பக்கம்தான் பெரிது.

டீ மாஸ்டர் சொன்ன கடைசி வாக்கியம் போக்குவரத்துப் பொறியியலில் ஒரு முழு அத்தியாயம். ஓடும் வண்டியை நிறுத்த எவ்வளவு தூரம் வேண்டும் என்பதற்கு நம் நாட்டு அட்டவணை இருக்கிறது. பார்த்து, புரிந்து, பிரேக் மிதிக்க இரண்டரை விநாடி; அதற்கப்புறம் வண்டி இழுத்துக்கொண்டு போகும் தூரம். மணிக்கு 30 கிலோமீட்டரில் வந்தால் 30 மீட்டர். 40இல் 45 மீட்டர். 50இல் 60 மீட்டர். முன்னுரிமைச் சந்திப்புக்கு நம் கையேடு கேட்பது, சின்ன சாலையில் 15 மீட்டர் பின்னால் வரும்போதே பெரிய சாலை தெரிய வேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில் 9 மீட்டர். பெரிய சாலையில் எட்டு விநாடி ஓட்டத் தூரம் வரை பார்வை ஓட வேண்டும். 50 கிலோமீட்டர் வேகத்துக்கு அது 110 மீட்டர்.

கோயில் வீதியில் 9 மீட்டர் பின்னால் நின்று பார்த்தேன். பைக்கில் உட்கார்ந்தவன் கண் இருக்கும் உயரத்துக்குக் குனிந்துகொண்டு. தெரிந்தது இவ்வளவுதான்: இடது பக்கம் ஒரு காம்பவுண்டுச் சுவர், அதை ஒட்டிக் கட்டிங் வேஸ்ட் மூட்டைகள் ஆள் உயரத்துக்கு, அதற்கு மேல் தாழ்ந்து தொங்கும் வேப்பங்கிளை. வலது பக்கம் பேக்கரி வாசலில் இரண்டு வரிசையாக பைக்குகள், ஒரு டெம்போ. ஊருக்கே சாட்சி சொல்லும் பேக்கரிதான் பாதிப் பார்வையை மறைத்துக்கொண்டிருந்தது. இதை டீ மாஸ்டரிடம் சொன்னேன். "நாம என்னங்க பண்றது, வர்றவங்கள வேண்டாங்கவா முடியும்?" என்றார். நியாயம்தான்.

வேகம் எடுக்க எங்களிடம் இப்போது ரேடார் கன் இருக்கிறது. ஆனாலும் பையன்களுக்குப் பழைய முறையைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பேன். கதியாலி எழுதிய போக்குவரத்துப் பொறியியல் புத்தகத்தில் நாங்களெல்லாம் படித்தது. ரோட்டில் 27 மீட்டர் இடைவெளியில் சாக்பீஸால் இரண்டு கோடு. ஒரு பையன் ஸ்டாப்வாட்சோடு மாடியில் நிற்பான். மூன்று விநாடியில் கடந்தால் மணிக்கு 32 கிலோமீட்டர். இரண்டு விநாடியில் கடந்தால் 49ஐ ஒட்டி. ரேடாரைக் கையில் பிடித்து ரோட்டோரம் நின்றால் போலீஸ் என்று நினைத்து எல்லாரும் மெதுவாகிவிடுவார்கள். சாக்பீஸ் கோட்டை யாரும் சந்தேகப்படுவதில்லை. பிள்ளைகள் பாண்டி ஆடக் கிழித்தது என்று நினைத்துப் போய்விடுவார்கள்.

கம்பெனி வீதியில் இரவு எட்டரைக்கு மேல் நூற்றுக்கு 85 வண்டி 40க்குள் வந்தன. அப்படியென்றால் 45 மீட்டர் வேண்டும். கோயில் வீதியிலிருந்து மூக்கை நீட்டுகிறவனுக்குக் கிடைத்தது அதில் கால்வாசிகூட இல்லை. வழிவிடும் பலகை போதுமா, நில் பலகையே வேண்டுமா என்று பிரிக்கப் பழைய பாடம் ஒன்று உண்டு. குறுக்கே வருவதைப் பார்த்து நிறுத்துவதற்கு நீ எவ்வளவு வேகத்தில் வரலாம் என்று கணக்குப் போடு. அது மணிக்கு 16 கிலோமீட்டருக்குக் கீழே போனால், மெதுவாக வந்து பயனில்லை, நின்றுதான் ஆக வேண்டும். அப்போது எண்கோணம். இல்லையென்றால் தலைகீழ் முக்கோணம். பிரிட்டனில் எங்கும் முக்கோணம்தான் பார்க்கலாம். பார்வை கெட்ட முக்குக்கு மட்டும் நில் பலகை. எனக்கு அந்தக் கஞ்சத்தனம் பிடிக்கும்.

இப்போது தலைப்பில் உள்ள கேள்வி. இரண்டு வீதியும் ஒரே அகலம். யார் நிற்பது?

சட்டம் சும்மா இல்லை. 1989ஆம் ஆண்டுச் சாலை விதிமுறை சொன்னது எளிது: பிரதான சாலை என்று குறித்த சாலைக்குள் நுழைந்தால் அதில் போகிறவனுக்கு வழிவிடு, மற்ற இடத்தில் உன் வலப் பக்கமிருந்து வருகிறவனுக்கு வழிவிடு. 2017இல் அதற்குப் பதில் புது விதிமுறை வந்தது. இந்த வலக்கை விதியை எல்.எல்.ஆர். தேர்வுக்குப் படித்தவர்கள் அன்று சாயந்திரமே மறந்துவிடுகிறார்கள். வீதியில் நடைமுறை வேறு. பெரிய வண்டிக்குச் சின்ன வண்டி நிற்கும். சின்ன வண்டிக்கு நடப்பவர் நிற்பார். ஹாரன் அடித்தவனுக்கு எல்லாரும் நிற்பார்கள்.

கூட்டம் போட்டார்கள். கோயில் வீதிக்காரர்கள் சொன்னது: "சாமி போற வீதிங்க இது. நாங்க நிக்கறதா?" கம்பெனி மேனேஜர் சொன்னது: "லோடு வண்டிய நிறுத்தி எடுத்தா டீசலு, கிளட்ச்சு, அதும் போக ஷிப்மென்ட் டைமு." இரண்டு தரப்பும் கடைசியில் ஒன்றாகச் சொன்னது, "நாலு பக்கமும் வெச்சுருங்க, சண்டையில்லை." எல்லாரையும் நிறுத்தினால் யாரும் நிற்க மாட்டார்கள் என்று சொன்னால் அது வாதம் மாதிரி இருக்காது, ஆனால் இருபது வருஷமாக எங்கள் தொழிலில் எல்லாரும் கண்டது அது. அமெரிக்காவில் நாலு பக்கமும் நிற்பதற்கு முதலில் வந்தவன் முதலில் போவான் என்று ஒரு வரிசை மரியாதை இருக்கிறது. நம் ஊரில் ரேஷன் கடையிலேயே அது இல்லை. இன்னொன்று, வேகத்தைக் குறைக்க நில் பலகையைப் பயன்படுத்தாதே என்று அவர்கள் கையேடே சொல்கிறது. மனுக்காரர்கள் கேட்டது அதைத்தான்.

எந்தப் பக்கத்தை நிறுத்துவது என்று முடிவு செய்ய அந்தக் கையேட்டில் சில யோசனைகள் உண்டு. நடப்பவர்கள் அதிகம் குறுக்கே கடக்கிற திசையை நிறுத்து. மேடு பள்ளத்தால் ஏற்கெனவே மெதுவாக வருகிற திசையை நிறுத்து. வெகு தூரம் தடையில்லாமல் ஓடி வருகிற திசையை நிறுத்து. நின்ற இடத்திலிருந்து குறுக்கு வண்டி நன்றாகத் தெரிகிற திசையை நிறுத்து. இவை ஒன்றுக்கொன்று முரண்படும், அதனால்தான் இது ஆள் போய் நின்று பார்க்க வேண்டிய வேலையாக இருக்கிறது. கோயில் வீதியில் முக்குக்கு முன்னால் சாக்கடைச் சிறுபாலம் ஒன்று புடைத்துக்கொண்டிருந்தது. எல்லாரும் அங்கே ஏற்கெனவே கியரைக் குறைத்தார்கள். பாதி நின்றவனை முழுதாக நிற்க வைப்பது, 40இல் வருகிறவனை நிற்க வைப்பதைவிட எளிது. வண்டியும் அந்த வீதியில்தான் குறைவு. கோயில் வீதி நிற்கட்டும் என்று எழுதினேன். தேர் வரும் நாளில் எப்படியும் போலீஸ் நிற்கும், அன்றைக்குப் பலகை செல்லாது என்று கோயில் கமிட்டிக்கு விளக்கியதும் அவர்கள் கோபம் பாதி இறங்கியது.

ஆனால் அறிக்கையில் பலகை நாலாவது வரி. முதல் வரி வேஸ்ட் மூட்டை: முக்கிலிருந்து இரண்டு வீடு தள்ளிப் போட வேண்டும். இரண்டாவது வேப்பங்கிளை. மூன்றாவது பேக்கரி முன்னால் முக்கு வரை மஞ்சள் கோடு, பைக் நிறுத்த எதிர்ப்பக்கம் இடம், எரியாத தெருவிளக்குக்கு ஒரு குறிப்பு. மறைப்பதை எடுக்காமல் பலகையை மட்டும் நட்டால், நின்றவனுக்கும் ஒன்றும் தெரியாது; நின்று, பார்க்காமல் புறப்படுவான். குவிகண்ணாடி வைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். வைக்கலாம், ஆனால் அதில் வேன் பொம்மை வேன் மாதிரி தெரியும், தூரத்தில் இருக்கிறது என்று நினைத்து நுழைவார்கள். துணைக்கு நல்லது. அதை மட்டும் நம்பக் கூடாது.

வேகத்தடை பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கேட்பார்கள். விதிப்படியான வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரத்தில் வளைந்து ஏறி இறங்கும். 25 கிலோமீட்டரில் வருகிறவனுக்கு உறுத்தாது. நம் வீதிகளில் இருப்பது ரோடு போட்டபோது மீந்த தாரை இரவோடு இரவாகக் குவித்தது. ஒரு முழ அகலம், முதுகெலும்பு வரை ஏறும், வெள்ளைக் கோடு கிடையாது. மூட்டை வைத்த எக்ஸ்எல் அதில் ஏறும்போது பின்னால் உள்ள பீஸ் கட்டு ஆளையே தூக்கிவிடும். கம்பெனி வீதியில் சரியான அளவில் ஒன்று போடலாம் என்று ஐந்தாவது வரியில் எழுதினேன். அந்த ஒன்றைத்தான் முதலில் போட்டார்கள். கேட்டது அதுவல்லவா!

எண்கோணம் ஏன் என்று பையன்கள் கேட்பதுண்டு. 1920களில் அமெரிக்காவில் வந்த யோசனை அது. ஆபத்துக்கு ஏற்ற மாதிரி பக்கங்களைக் கூட்டினார்கள். ரயில் பாதைக்கு வட்டம், அதற்கு அடுத்த ஆபத்தான சந்திப்புக்கு எண்கோணம். இருட்டில் எழுத்துத் தெரியாவிட்டாலும் உருவம் தெரியும். நமக்கு இன்னொரு பயன். பேக்கரியில் டீ குடிக்கும் பாதிப் பேருக்கு ஒடியாவும் இந்தியும்தான் தெரியும். எட்டு மூலைக்கு மொழி வேண்டாம்.

உருவம் தெரிய வேண்டுமே! திருப்பூரில் எந்தக் கம்பத்தையும் காலியாக விட மாட்டார்கள். பலகை நட்ட மறு வாரம் போய்ப் பார்த்தால் நடுவில் ஒரு நோட்டீஸ்: "ஓவர்லாக், ஃப்ளாட்லாக் டெய்லர்கள் தேவை. செக்கிங் பெண்கள் தேவை. தங்கும் வசதி உண்டு." கோபப்பட முடியவில்லை. இந்த ஊரில் எல்லாரும் ஒரு விநாடி நின்று பார்க்கிற இடம் எது என்று ஒட்டியவருக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. கம்பத்தில் அதற்கென்று கீழே ஒரு சின்னத் தகடு பொருத்தச் சொன்னேன். அது எழுத்தில் வராத பரிந்துரை.

நெதர்லாந்தில் ஹான்ஸ் மாண்டர்மன் என்ற பொறியாளர் டிராக்டன் என்ற ஊரில் ஒரு சந்திப்பில் சிக்னல், பலகை எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துப் போகட்டும் என்றார். அதை ஒரு கருத்தரங்கில் வியந்து பேசினார்கள். பக்கத்தில் இருந்த திருப்பூர் நண்பர், "நாம அம்பது வருசமா அப்படித்தானுங்களே போறோம்" என்றார். சிரித்தோம். ஆனால் மாண்டர்மன் எடுத்தது பலகையை மட்டும் அல்ல. அந்தச் சந்திப்பையே திறந்த சதுக்கமாக மாற்றிக் கட்டினார். கண் பார்க்க வேண்டுமென்றால் முதலில் கண் தெரிய வேண்டும். நம் முக்கில் மூட்டை நின்றது.

பலகை வந்த பிறகு மறுபடி எண்ணினோம். இந்த முறை வண்டியை அல்ல, திடீர்ப் பிரேக்கை. யார் கடைசி நொடியில் வளைத்தார், யார் காலை ஊன்றினார் என்று. விபத்து நடக்கக் காத்திருக்காமல் நடக்காமல் தப்பியதை எண்ணும் இந்த முறை 1960களின் கடைசியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தொடங்கியது. ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகத்தார் அதைச் செம்மையாக்கினார்கள். இரவு நேரக் கட்டங்களில் நன்றாகவே குறைந்திருந்தது. முழுதாக நின்றவர்கள் கொஞ்சம் பேர்தான். மீதிப் பேர் உருட்டிக்கொண்டு வந்து, இரு பக்கமும் பார்த்து, போனார்கள். 184ஆவது பிரிவு இவர்களை மன்னிக்காது. மூட்டையை நகர்த்தியதால் குறைந்ததா, பலகையால் குறைந்ததா என்று பொறியாளர் கேட்டார். பிரித்துச் சொல்ல வழியில்லை என்றேன். என் ஊகம், முக்கால் பங்கு மூட்டை.

அடுத்த மாதமே ஒரு வீதி தள்ளி இருக்கும் முச்சந்தியிலிருந்து மனு. "அவர்களுக்கு வைத்ததுபோல் எங்களுக்கும்." போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் காலி சைட், இன்னொரு பக்கம் இடுப்பளவு சுவர். இருபது மீட்டர் பின்னாலிருந்தே எல்லாம் தெரிகிறது. தலைக் கணக்கு குறைவு, பேக்கரி இல்லை, மருந்துக் கடைக்காரருக்கு அப்படி ஒரு முக்கு இருப்பதே நினைவில் இல்லை. "தேவையில்லை" என்று எழுதினேன். காலி சைட்டின் முக்கில் யாராவது வீடு கட்டி, சுவரை ரோட்டை ஒட்டி ஆறடி எழுப்பினால் மறுபடி பார்க்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தேன். மாநகராட்சியில் கட்டட வரைபட அனுமதிப் பிரிவுக்கு அந்த வரியின் நகல் போகட்டும் என்று கேட்டிருக்கிறேன். பலகைப் பிரிவு வேறு, வரைபடப் பிரிவு வேறு என்று பதில் வந்திருக்கிறது. திரும்ப எழுதியிருக்கிறேன்.